மஞ்சள் ஏன் சிவக்குது?

(மண்ணூரில் நடந்த நம் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், கல்வி உபகுழு சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், தவணை எல்லாம் பேசி முடித்துவிட்டோம். தீர்மான நோட்டிலும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. இனி அரை மணி நேரம் எங்களுக்கு. வீட்டில் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அறிவியல் சோதனை செய்வது எப்படி என்பதுதான் எங்களுக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. தலைப்பைச் சொன்னதுமே அந்த ஓரத்தில் ரெண்டு பேர் சிரித்தீர்கள். "நாங்களே அஞ்சாங்கிளாஸ் தாண்டல, எங்களுக்கு என்னம்மா அறிவியல்?" என்று ஒரு குரலும் வந்தது. அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

ஆரத்தி கரைத்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். கிட்டத்தட்ட எல்லாக் கையும் மேலே இருக்கிறது. தட்டில் தண்ணீர் ஊற்றுகிறோம். மஞ்சள்தூள் போடுகிறோம். துளி சுண்ணாம்பு சேர்த்துக் கலக்குகிறோம். தண்ணீர் ரத்தச் சிவப்பாகிவிடுகிறது. இப்போது ஒரு நிமிஷம் யோசியுங்கள். சுவருக்கு அடிக்கிற பெயின்ட்டில் மஞ்சளையும் வெள்ளையையும் கலந்தால் என்ன வரும்? வெளிர் மஞ்சள்தானே வரும்? இங்கே மஞ்சளும் வெள்ளையும் கலந்து சிவப்பு எப்படி வந்தது? கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் எத்தனையோ முறை கரைத்திருக்கிறோம். ஏன் சிவக்கிறது என்று கேட்டோமா? சின்ன வயதில் கேட்டிருப்போம். "சும்மா இரு, பெரியவங்க வேலையில குறுக்க வராத" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதோடு விட்டிருப்போம்.

மஞ்சளில் குர்குமின் என்று ஒரு பொருள் இருக்கிறது. மஞ்சளுக்கு நிறம் தருவது அதுதான். சுண்ணாம்பு, சோப்பு, துணி சோடா இவையெல்லாம் காரம் என்ற வகையைச் சேர்ந்தவை. இங்கே காரம் என்று சொல்வது மிளகாய்க் காரம் இல்லை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் வருகிற காரம். இந்தக் காரம் பட்டால் குர்குமின் கொஞ்சம் உருமாறுகிறது, அதனால் சிவப்பாகத் தெரிகிறது. எலுமிச்சை, புளி போன்ற அமிலம் பட்டால் மறுபடி பழைய மஞ்சளுக்கே திரும்பிவிடுகிறது. இப்படி நிறத்தை மாற்றிக் காட்டிக்கொடுக்கிற பொருளுக்கு நிறங்காட்டி என்று பெயர். பிள்ளை மேல்வகுப்புக்குப் போகும்போது இந்தச் சொல் புத்தகத்தில் வரும். ஆயா கரைத்த ஆரத்தித் தட்டு அப்போது அதற்கு ஞாபகம் வந்தால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

சாம்பார் சிந்திய வெள்ளைச் சட்டையில் சோப்புப் போட்டதும் கறை சிவந்துபோவதும் இதனால்தான். நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகும். பழைய முறையில் மஞ்சளோடு சுண்ணாம்போ வெங்காரமோ சேர்த்துத்தான் குங்குமம் செய்தார்கள். ஆக, இந்த வேதியியலை நாம் காலம் காலமாகச் செய்துகொண்டுதான் வருகிறோம். அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவர்களும் செய்திருக்கிறோம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். செய்வது வேறு, சோதித்துப் பார்ப்பது வேறு. இந்த வித்தியாசம் நம் ஊர்ப்பக்கப் பெண்களுக்கு மற்ற ஊர்க்காரர்களைவிட நன்றாகவே தெரியும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளியே வரத் தொடங்கியதிலிருந்து இந்தப் பக்கம் முழுக்க ஆலைதான். ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கி 2014-ல் மூடிய நோக்கியா செல்போன் ஆலையில் ஆயிரக்கணக்கில் வேலை பார்த்தது இளம்பெண்கள். இன்றைக்கும் விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைப் பாருங்கள். அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, "லைன்ல ரிஜெக்ட் அதிகமா வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். "ஒரு செட்டிங்கை மட்டும் மாத்திப் பாப்போம்க்கா. ரெண்டை ஒண்ணா மாத்திட்டா எதனால சரியாச்சுன்னு தெரியாம போயிடும்" என்பார்கள். அறிவியல் சோதனைக்கு அடிப்படை இதுதான். பெரிய ஆய்வுக்கூடத்தில் இருக்கிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை, என்ன நடக்கிறது என்று பார்.

இதைத்தான் வீட்டில் பிள்ளையோடு செய்யச் சொல்கிறோம். செலவு ஒன்றும் இல்லை. மஞ்சள்தூள் ஒரு ஸ்பூன், கோடு போடாத வெள்ளைத் தாள் ஒன்று. வழவழப்பான தாள் வேண்டாம், மஞ்சள் ஒட்டாது. மஞ்சளைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்துத் தாளில் பூசி நிழலில் காய வையுங்கள். பூசுகிற வேலையைப் பிள்ளையே செய்யட்டும். கை, கால், பாவாடை எல்லாம் மஞ்சளாகும். ஆகட்டும், பழைய துணியைப் போட்டு உட்கார வையுங்கள். காய்ந்ததும் விரல் அகலத்துக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். அவ்வளவுதான், சோதனைத் தாள் தயார்.

பிறகு சமையலறையிலிருந்து நாலைந்து கிண்ணம். ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் எலுமிச்சைச் சாறு, ஒன்றில் புளித்தண்ணீர், ஒன்றில் மோர், ஒன்றில் குளிக்கிற சோப்பைக் கரைத்த தண்ணீர், முடிந்தால் ஒன்றில் ஆப்பசோடா கரைசல். இங்கேதான் முக்கியமான விஷயம். தாளைத் தோய்ப்பதற்கு முன்னால் நிறுத்துங்கள். "இதுல நனைச்சா என்ன ஆகும்னு நெனைக்கிற?" என்று கேளுங்கள். பிள்ளை எதையாவது சொல்லும். பச்சையாகும் என்று சொல்லும், கிழிஞ்சிடும் என்று சொல்லும். "தப்பு" என்று சொல்லாதீர்கள். "சரி, பாத்துடலாம்" என்று சொல்லித் தோயுங்கள். சோப்புத் தண்ணீரில் தாள் சிவக்கும். ஆப்பசோடாவில் லேசாகத்தான் மாறும். எலுமிச்சையிலும் புளியிலும் மோரிலும் வெறும் தண்ணீரிலும் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். சோப்பில் சிவந்த இடத்தில் ஒரு சொட்டு எலுமிச்சை விட்டால் மறுபடி மஞ்சள். நாலு வயதுப் பிள்ளை இந்த இடத்தில் கத்தும் பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

அதன்பிறகு பிள்ளை சும்மா இருக்காது. எச்சிலில் நனைக்கும், பல்பொடியைத் தடவும், ஷாம்புவைக் கேட்கும். நல்லது. ஒரு நோட்டில் ஒவ்வொரு தாளையும் ஒட்டி, எதில் நனைத்தது என்று பக்கத்தில் எழுத வையுங்கள். எழுதத் தெரியாத பிள்ளை படம் வரையட்டும். எலுமிச்சம்பழம் ஒரு வட்டம், சோப்பு ஒரு கட்டம். நாம் கூட்ட நடவடிக்கையை எழுதி வைப்பதில்லையா, அதுபோல. எழுதி வைக்கவில்லை என்றால் மறுநாள் சண்டைதான் மிஞ்சும்.

முதல் ஷிப்டுக்குப் போகிற தாய்மார்கள் "எங்களுக்கு ஏது நேரம்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதனால்தான் ஆயாமார்களை இன்றைக்குக் குறிப்பாக வரச் சொன்னோம். பகலில் ஆயாவோடு செய்ததைச் சாயங்காலம் அம்மாவிடம் அந்த நோட்டைக் காட்டிப் பிள்ளையே சொல்லட்டும். அம்மா செய்ய வேண்டியது பத்து நிமிஷம் உட்கார்ந்து கேட்பது. "இது ஏன் கம்மியா செவந்துருக்கு?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். செய்ததைத் தன் வாயால் எடுத்துச் சொல்லும்போதுதான் பிள்ளைக்கே அது தெளிவாகப் புரிகிறது.

இந்த மஞ்சள் தாளில் ஒரு குறை இருக்கிறது. எலுமிச்சையிலும் அது மஞ்சள், வெறும் தண்ணீரிலும் மஞ்சள். அப்படியானால் இரண்டும் ஒன்றா? கொஞ்சம் பெரிய பிள்ளை இதைக் கேட்கும். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். பதிலுக்கு வேலியோரம் போக வேண்டும். நீலச் சங்குப்பூ நாலைந்து பறித்து, பெரியவர்கள் வெந்நீரில் போட்டு ஆற வைத்தால் நீலத் தண்ணீர் கிடைக்கும். அதைச் சின்னச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி ஒன்றில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும், இன்னும் பிழிந்தால் இளஞ்சிவப்பை நோக்கிப் போகும். சோப்புத் தண்ணீர் விட்டால் பச்சைப் பக்கம் திரும்பும். வெறும் தண்ணீர் விட்டால் நீலம் வெளிறும், அவ்வளவுதான். மஞ்சள் சொல்லாததைச் சங்குப்பூ சொல்கிறது. செம்பருத்தி இதழிலும் இதே மாதிரி செய்யலாம். அமிலத்தில் சிவப்பு, காரத்தில் பச்சை. எந்தப் பூ எப்படி மாறும் என்று உங்கள் வீட்டுப் பக்கம் பூக்கிற எல்லாவற்றிலும் பார்க்கலாம். அரளியையும் ஊமத்தையையும் மட்டும் தொட விடாதீர்கள், அவை விஷம்.

இன்னொன்று வெயில் சோதனை. மஞ்சள் கறை பட்ட துணியை வெயிலில் போட்டால் கறை போகும் என்பது நமக்குத் தெரியும். உண்மையிலேயே வெயிலாலா, இல்லை சூட்டாலா? ஒரு மஞ்சள் தாளைப் பாதி அட்டையால் மூடி மொட்டை மாடியில் கல் வைத்து வையுங்கள். இன்னொன்றை வெளிச்சமே படாமல் ஒரு டப்பாவுக்குள் போட்டு, அந்த டப்பாவையும் அதே வெயிலில் வையுங்கள். டப்பாவுக்குள்ளும் சூடு இருக்கும், ஆனால் வெளிச்சம் இருக்காது. இரண்டு மூன்று நாள் கழித்துப் பிள்ளையே எடுத்துப் பார்க்கட்டும். இதற்கு மட்டும் பதிலை நாங்கள் இப்போது சொல்லப்போவதில்லை.

"பதில் தெரியாம கேட்டா புள்ள நம்மள மதிக்குமா?" என்று போன கூட்டத்தில் ஒரு சகோதரி கேட்டார். நாங்கள் சொல்வது இதுதான்: "எனக்கும் தெரியல, செஞ்சு பாத்துடலாம் வா." இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தெரிந்தால் போதும், பட்டம் வேண்டாம். திருச்சிக்குப் பக்கத்தில் திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி.ராமன் 1921-ல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பி வரும்போது, கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்டார். வானத்தின் நிறம் அதில் தெரிகிறது என்று அதற்கு முன்பே பெரியவர்கள் பதில் சொல்லி வைத்திருந்தார்கள். அவர் அதை அப்படியே ஏற்காமல், கையடக்கமான ஒரு சின்னக் கருவியை வைத்துக் கப்பலிலேயே சோதித்துப் பார்த்தார். அந்த வழியில் தொடர்ந்து போய் 1928 பிப்ரவரி 28-ல் ஒளி பற்றிய ஒரு கண்டுபிடிப்பைச் செய்தார், 1930-ல் நோபல் பரிசு வந்தது. அந்த பிப்ரவரி 28-ஐத்தான் தேசிய அறிவியல் நாள் என்று பள்ளிக்கூடங்களில் கொண்டாடுகிறார்கள். கடல் ஏன் நீலம் என்று உங்கள் வீட்டுப் பிள்ளையும் மெரினாவில் கேட்டிருக்கும். சுண்டல் வாங்கிக் கொடுத்து வாயை அடைத்திருப்போம்.

நம் மாநிலத்தில் இது புதுப்பேச்சும் இல்லை. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980-ல் தொடங்கியது. பிள்ளைகளுக்காகத் 'துளிர்' என்ற அறிவியல் மாத இதழைக் கொண்டுவருவது அவர்கள்தான். 1990-களில் அறிவொளி இயக்கம் நடந்தபோது இரவில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் எழுத்துக் கற்றுக்கொண்ட பெண்கள் மாவட்டம் தோறும் இருக்கிறார்கள். கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டிக்கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை அரசு தொடங்கியது. சாயங்கால நேரத்தில் தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2022 நவம்பர் 28-ல் திருச்சியில் 'வானவில் மன்றம்' தொடங்கினார்கள். அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகள் தங்கள் கையாலேயே சோதனை செய்து பார்ப்பதற்கான திட்டம் அது. நல்ல திட்டம். ஆனால் 6-ஆம் வகுப்பு என்றால் பிள்ளைக்குப் பதினொரு வயது. "ஏன், ஏன்" என்று கேட்கிற வயதோ மூன்றும் நாலும். இடையில் இருக்கிற அந்த ஏழெட்டு வருஷம் பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது. அதற்குள் "வாயை மூடு" என்று நூறு தடவை சொல்லிவிட்டால், பதினோராம் வயதில் எந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாலும் பிள்ளை வேடிக்கை பார்க்கும், கேள்வி கேட்காது.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஜூன் மாதம் உள்கடன் கேட்கிறவர்களில் பாதிப் பேர் பள்ளிக் கட்டணத்துக்கு என்றுதான் எழுதுகிறீர்கள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் 'பிராஜெக்ட்' என்ற பெயரில் கடையில் தெர்மாகோல் எரிமலையைக் காசு கொடுத்து வாங்கி, பேரை மட்டும் ஒட்டி அனுப்புகிறோமே, அதில் பிள்ளை எதைக் கற்றுக்கொண்டது? கடைக்காரர் கற்றுக்கொண்டார். அந்தக் காசுக்கு எத்தனை கிலோ மஞ்சள் வாங்கலாம்! மஞ்சள் தாள் சோதனை செய்தால் மார்க் கூடுமா என்று கேட்டால், அடுத்த பரீட்சையிலேயே கூடும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அப்படிச் சொல்கிறவர்களை நம்பவும் வேண்டாம்.

இப்போது கவனமாகக் கேட்க வேண்டிய பகுதி. சுண்ணாம்பு விளையாட்டுப் பொருள் அல்ல. வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிள்ளைகள் அழுத்தி விளையாடும்போது அது வெடித்துக் கண்ணில் தெறித்துப் பார்வையே போன சம்பவங்களைக் கண் மருத்துவர்கள் தொடர்ந்து எழுதி வருகிறார்கள். காரம் கண்ணில் பட்டால் அமிலத்தைவிட ஆழமாக உள்ளே போகும். ஆகவே ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையோடு சுண்ணாம்பே வேண்டாம், சோப்புத் தண்ணீர் போதும். பெரிய பிள்ளைக்குக் காட்டுவதானால் மிளகளவு சுண்ணாம்பை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கித் தெளிய வைத்து, மேலே நிற்கும் தண்ணீரில் பெரியவர்களே தாளை நனைத்துக் காட்டுங்கள். தப்பித்தவறிக் கண்ணில் பட்டுவிட்டால் கசக்க விடாதீர்கள். எண்ணெய், தாய்ப்பால் எதுவும் விடாதீர்கள். இமையை விலக்கிப் பிடித்து, நல்ல தண்ணீரைக் குறைந்தது கால் மணி நேரம் விடாமல் ஊற்றிக் கழுவிக்கொண்டே 108-க்குச் சொல்லிவிட்டு, கண் மருத்துவர் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். சரியாகிவிட்டதுபோலத் தெரிந்தாலும் காட்டித்தான் ஆக வேண்டும்.

நம் குழுக்களில் சோப்பு, பினாயில் தயாரிக்கிறவர்கள் இருக்கிறீர்கள். காஸ்டிக் சோடா டப்பா பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், பூட்டி இருக்க வேண்டும். கழிப்பறை ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றாகக் கலக்காதீர்கள். அதில் வருகிற குளோரின் வாயு நெஞ்சை அடைத்துவிடும். செல்போனில் பார்த்த சோதனைகளைப் பிள்ளைகள் தாமாகவே செய்யக் கிளம்பினால், எதையெதைக் கலக்கப் போகிறாய் என்று கேட்காமல் விடாதீர்கள். பிள்ளைகளுக்கு ஒரு சட்டம் போட்டுவிடுங்கள்: சோதனைக் கிண்ணத்தில் இருப்பதை வாயில் வைக்கக் கூடாது, முடித்ததும் கை கழுவ வேண்டும்.

கேள்வி நேரத்தில் இரண்டு நல்ல கேள்விகள் வந்தன. அவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறோம்.

முதல் கேள்வி, இந்த மஞ்சள் தாளை வைத்து எங்கள் போர் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று பார்க்க முடியுமா என்பது. முடியாது. அது காரம் இருக்கிறதா என்று சொல்லுமே தவிர, கிருமியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆனால் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று ஓரளவு பார்க்க வேறு சோதனை இருக்கிறது. ஒரே அளவுள்ள மூன்று பாட்டில். ஒன்றில் பிடித்து வைத்த மழைத் தண்ணீர், ஒன்றில் கேன் தண்ணீர், ஒன்றில் போர் தண்ணீர், மூன்றும் ஒரே அளவு. மூன்றிலும் குளிக்கிற சோப்புச் சீவல் ஒரே அளவு போட்டு, மூன்றையும் பத்துத் தடவை குலுக்குங்கள். சலவைத் தூள் வேண்டாம். அது உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும்படி செய்தது. எதில் நுரை குறைவோ, எதில் தயிர் திரிந்த மாதிரி வெள்ளையாக மிதக்கிறதோ, அதில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். பாத்திரத்தில் வெள்ளைப் படிவு வருவதும், தலைமுடி நார் மாதிரி ஆவதும், சோப்பு சீக்கிரம் தீர்வதும் இதனால்தான். பிள்ளைக்கு இது வெறும் நுரை விளையாட்டு. நமக்கு மாதாந்திரச் சோப்புக் கணக்கு. நுரை நன்றாக வந்துவிட்டது என்பதற்காக எந்தத் தண்ணீரையும் காய்ச்சாமல் குடிக்கலாம் என்று ஆகிவிடாது.

இரண்டாவது கேள்வியைக் கேட்டவர் மசாலாப் பொடி அரைத்து விற்கிற குழுவைச் சேர்ந்தவர். மஞ்சள்தூளில் கலப்படம் இருக்கிறதா என்று பார்க்க வழி உண்டா? உண்டு, அதையும் பிள்ளையை வைத்தே செய்யலாம். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஒரு ஸ்பூன் மஞ்சள்தூளைப் போட்டுவிட்டு, கலக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நல்ல தூள் அடியில் படியும்போது தண்ணீர் வெளிர் மஞ்சளாக இருக்கும். சாயம் கலந்திருந்தால் தண்ணீர் அழுத்தமான மஞ்சளாகும். இது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் பொதுமக்களுக்குச் சொல்லியிருக்கிற சோதனை. நம் குழு அரைத்த தூள் ஒரு டம்ளரில், கடைத் தூள் ஒரு டம்ளரில் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

ஆனால் இந்தச் சோதனை எல்லாவற்றையும் சொல்லிவிடாது. பங்களாதேஷில் மஞ்சள் பளபளவென்று இருப்பதற்காக ஈயம் கலந்த மஞ்சள் சாயத்தைச் சேர்க்கிறார்கள் என்று 2019-ல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அரசு சோதனை நடத்தி, அபராதம் போட்டு, செய்தித்தாளில் எச்சரித்து, 2021-ல் சந்தையில் எடுத்த மாதிரிகளில் அது இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். ஈயம் இருக்கிறதா இல்லையா என்று நம் டம்ளரை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, அதற்கு ஆய்வுக்கூடம்தான் வேண்டும். விரலி மஞ்சளாக வாங்கி நம் கண் எதிரே அரைத்துக்கொள்வது அதனால்தான் நல்லது. ஒரு சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதையும் பிள்ளையிடம் சேர்த்துச் சொல்லுங்கள். படித்தவர்களே பல பேர் இந்த இடத்தில் கோட்டை விடுகிறார்கள்.

இன்னும் ஒரு விஷயம். நம் ஊரில் வரிசை வீடுகளில் ஒடிசா, பீகார் குடும்பங்கள் குடியிருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் நம் தெருவில்தான் நிற்கின்றன, பேச்சு புரியாமல் ஒதுங்கி நிற்கின்றன. மஞ்சள் தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துக் காட்ட எந்தப் பாஷையும் வேண்டாம். அது "ஹல்தி" என்று சொல்லும், நம் பிள்ளை "மஞ்சள்" என்று சொல்லும். அந்தப் பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். வெயில் சோதனையைச் செய்ய மொட்டை மாடி இல்லாதவர்கள் பக்கத்து வீட்டைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவிலிருந்தும் குறைந்தது ஒரு பிள்ளையின் நோட்டு வர வேண்டும். ஒட்டிய தாள், பக்கத்தில் எழுத்தோ படமோ, எதுவானாலும் சரி. அழகாக இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் கை வைத்துத் திருத்தியது தெரிந்தால் எடுத்துக்கொள்ள மாட்டோம். வெயிலில் வைத்த தாள் என்ன ஆனது, டப்பாவுக்குள் வைத்தது என்ன ஆனது என்பதைப் பிள்ளைகளே இங்கே எழுந்து நின்று சொல்வார்கள். ஆயாமார்களுக்கு முன்வரிசையில் பாய் போட்டு வைக்கிறோம். சங்குப்பூக் கொடி வைத்திருக்கிறவர்கள் விதை எடுத்து வாருங்கள், கேட்டவர்களுக்குக் கொடுக்கலாம்.